சமையற்கட்டும் சரித்திரமே!

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



"சமையல் என்ன பெரிய வித்தையா? நான் இன்ஜினீயர் ஆகப் போகிறவள். எனக்கு எதற்கடி அடுப்பும் அகப்பையும்?" என்று சென்ற ஆண்டு மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் என் தோழி ஒருத்தி கேட்டாள். உடனே கைதட்டி ஆமோதித்தவள் நான்தான். சாம்பாருக்குப் புளி எப்போது கரைத்து ஊற்றுவது என்று தெரிந்துகொண்டு உலகில் யார் முன்னேறினார்கள் என்று என் பங்குக்கு நானும் ஒரு வாக்கியம் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அது ஏன் என்று சொல்லவே இந்த ஆண்டு மலரில் எழுத முன்வந்தேன்.

எங்கள் வீடு தூத்துக்குடியில் இருக்கிறது. கிறிஸ்மஸ் வந்துவிட்டால் எங்கள் ஆச்சி முந்திரிப் பருப்பைப் பொடித்து, முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க நுரைக்க அடித்து, சீனி சேர்த்து மக்ரூன் செய்வார்கள். தெருமுனை ரொட்டிக்கடை அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கி வருவது என் வேலை. வருகிற வழியிலேயே நான்கைந்து காணாமற்போகும்! சென்ற ஆண்டு ஜூலை மாதம் ஆச்சி இறைவனடி சேர்ந்தார்கள். டிசம்பரில் அம்மா அதே பாத்திரத்தில், அதே கரண்டியால் செய்து பார்த்தார்கள். மக்ரூன் எழும்பவில்லை. தட்டையாகப் பரந்து, பல்லில் ஒட்டியது. எத்தனை முட்டைக்கு எவ்வளவு சீனி? சீனியை முதலில் போடுவதா, நுரை வந்தபின் போடுவதா? வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. ஆச்சி எழுதி வைக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அன்று அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுததற்குக் காரணம் மக்ரூன் மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும்.

"இது போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற பலகாரம் என்று நம் ஊரில் சொல்வார்கள்" என்றார் அப்பா. போர்ச்சுகீசியர் நம் ஊரில் 1658-ஆம் ஆண்டு வரை இருந்தார்கள் என்பதும், அவ்வாண்டில் டச்சுக்காரர்கள் அவர்களை விரட்டினார்கள் என்பதும் சரித்திரப் பாடத்தில் படித்ததே. வாஸ்கோடகாமா 1498, கோவா 1510 என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் அந்த மனிதர்கள் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று எந்தப் பாடமும் சொல்லவில்லை. விடுமுறையில் அதைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தொடங்கியது மக்ரூனுக்காக. ஆனால் போய்ச் சேர்ந்தது வேறோர் இடம்.

கடல் கடந்து நாடு பிடித்தவர்களாயிற்றே, தினமும் விருந்தாக உண்டிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அது தவறு. போர்ச்சுகலின் வீட்டுச் சமையல் பெரும்பாலும் ஏழைகளின் சமையல். தெற்கே அலென்தேஜு என்று ஒரு பகுதி உண்டு. பரந்த கோதுமை வயல்கள், பெரிய பெரிய பண்ணைகள், நிலமில்லாத கூலியாட்கள். அங்கே பிறந்த உணவு 'அசோர்டா'. பூண்டையும் பச்சைக் கொத்தமல்லியையும் உப்போடு உரலில் நசுக்கி, ஒலிவ எண்ணெய் விட்டு, கொதிக்கும் நீரை ஊற்றி, அதில் முந்தின நாள் ரொட்டியைப் பிய்த்துப் போட வேண்டும். முட்டை இருந்தால் நீரில் வேகவைத்து மேலே வைப்பார்கள். இவ்வளவுதான்! இறைச்சியுமில்லை, மீனுமில்லை. காய்ந்த ரொட்டியைக் குப்பையில் எறிவது பாவம் என்று எண்ணிய ஒரு தாய்தான் இதைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐரோப்பாவில் மற்ற நாட்டார் அதிகம் தொடாத பச்சைக் கொத்தமல்லியைப் போர்ச்சுகல்காரர்கள் நம்மைப்போலவே அள்ளிப் போடுகிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு ஏனோ ஒரு மகிழ்ச்சி. அரபு முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகள் அந்நாட்டை ஆண்டதன் நினைவு அவர்கள் சமையலில் இன்னும் இருக்கிறது. அசோர்டா என்ற பெயரே அரபியிலிருந்து வந்தது. அவர்கள் அரிசிக்கும், சீனிக்கும், ஒலிவ எண்ணெய்க்கும் சொல்லும் பெயர்களும் அப்படியே. போரிட்டுத் துரத்திய பகைவனின் சொல்லை நாவிலும் தட்டிலும் வைத்துக்கொண்டார்கள்!

வடக்கே மின்ஹோ பகுதியில் 'கால்டோ வெர்டே', அதாவது பச்சைச் சாறு. உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, ஒருவகைக் கீரைக்கோஸின் இலையைத் தலைமயிர் போல மெல்லியதாக நறுக்கிப் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரே ஒரு துண்டு பன்றி இறைச்சித் தொத்திறைச்சி. ஒரு துண்டுதான். துணைக்கு மக்காச்சோள ரொட்டி. உருளையும் மக்காச்சோளமும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. கப்பல்கள் வராதிருந்தால் இந்த ஏழைக் கஞ்சியும் பிறந்திராது.

இனி மீனுக்கு வருகிறேன். கடற்கரையில் பிறந்தவள் அல்லவா, இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். போர்ச்சுகல் மக்கள் உயிராக நேசிப்பது 'பக்கல்யாவ்' என்னும் உப்பிட்டு உலர்த்திய காட் மீன், நம் பாஷையில் சொன்னால் ஒரு கருவாடு. 'உண்மை நண்பன்' என்று அதற்குச் செல்லப் பெயரும் உண்டு. வேடிக்கை என்னவென்றால் இந்த மீன் அவர்கள் நாட்டுக் கடலில் கிடைப்பதே இல்லை! அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து, கனடாவை ஒட்டிய நியூஃபவுண்ட்லாந்துத் திட்டுகளுக்கும் கிரீன்லாந்துப் பக்கத்துக்கும் போய்ப் பிடித்து வந்தார்கள். பாய்க்கப்பல்கள் வசந்த காலத்தில் புறப்பட்டால் ஏறத்தாழ ஆறு மாதம் கழித்துத்தான் திரும்பும். அங்கே போனதும் விடியற்காலையில் ஒவ்வொரு மீனவனும் ஒரு சின்னத் தட்டையான படகில், தன்னந்தனியாக, கடலில் இறக்கப்படுவான். ஒரு படகுக்கு ஒரே மனிதன். சுற்றிலும் குளிரும் மூடுபனியும். தூண்டில் கயிற்றால் மீன் பிடித்துப் படகை நிரப்பிக்கொண்டு, தாய்க்கப்பல் எங்கே இருக்கிறது என்று தேடித் துடுப்பு வலித்து வர வேண்டும். மூடுபனியில் வழி தவறித் திரும்பாமற்போனவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது தாங்கள் எந்தப் பக்கமும் சேராதவர்கள் என்று காட்டக் கப்பல்களுக்கு வெள்ளைச் சாயம் பூசினார்கள். 'வெள்ளைக் கப்பற்படை' என்று பெயர் வந்தது. பாய்க்கப்பலிலும் தனிப்படகிலும் போகும் இந்த முறை 1974-இல்தான் முடிவுக்கு வந்தது. பிடித்த மீனைக் கரையில் கழுவி, வெயிலில் பரப்பி, மழை வந்தால் ஓடி ஓடி எடுத்து, மீண்டும் பரப்பியவர்கள் பெண்கள். எங்கள் தெருவிலும் காலையில் இதே ஓட்டம்தான்.

அந்த மீனை அப்படியே சமைக்க முடியாது. ஒருநாள் அல்லது இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, பலமுறை தண்ணீரை மாற்றினால்தான் உப்பு இறங்கும். கிறிஸ்மஸுக்கு முந்தின இரவு, வீட்டார் அனைவரும் ஒரே மேசையில் கூடி உண்பது இந்த மீனைத்தான். வெறுமனே வேகவைத்த மீன், வேகவைத்த உருளைக்கிழங்கு, கோஸ் கீரை, முட்டை, மேலே ஒலிவ எண்ணெய். பண்டிகைக்கு இதுதானா என்று நான் ஏமாந்தேன். ஆனால் மறுநாள் வருகிறது பாருங்கள் ஒரு கெட்டிக்காரத்தனம்! மீந்ததையெல்லாம் ஒன்றாக உதிர்த்து, பூண்டும் எண்ணெயும் காய்ச்சி அதில் புரட்டி எடுப்பார்கள். அதன் பெயர் 'பழைய துணி'. கிழிந்த துணியைத் தைத்து உடுத்துவதுபோல, மீந்த உணவைத் தைத்து உண்கிறார்கள். வடபகுதியின் சில ஊர்களில், அந்த இரவு உணவு முடிந்தபின் மேசையைத் துடைத்து எடுத்து வைப்பதில்லையாம். அந்த வீட்டில் இறந்துபோனவர்களின் ஆன்மாக்கள் வந்தால் பசியாறட்டும் என்று அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போவார்களாம். இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டேன். ஆச்சியின் நினைவு வந்தது.

இதற்கு நேர்மாறான கொண்டாட்டமும் உண்டு. நாம் செவ்வாய்க்கிழமைதோறும் மன்றாடும் பதுவை அந்தோணியார் உண்மையில் லிஸ்பன் நகரத்துப் பிள்ளை. பதுவையில் 1231-இல் மரித்ததால் அவ்வூர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் திருநாளுக்கு முந்தின இரவான ஜூன் 12 அன்று லிஸ்பன் நகரின் பழைய தெருக்களிலெல்லாம் வாசலில் கரி அடுப்பு மூட்டி மத்தி மீனைச் சுடுவார்கள். ஊரே புகை! சுட்ட மீனை ரொட்டித் துண்டின்மேல் வைத்துக் கையாலேயே உண்பார்கள். மத்தி மீன் மலிவு என்பதால் அதைக் கேவலமாகப் பேசும் சிலர் நம் வகுப்பிலும் உண்டு. அவர்கள் கவனிக்கவும்.

சாப்பாட்டில் பயமும் கலந்திருக்கும் என்பதை நான் இப்போதுதான் அறிந்தேன். 1496-இல் அரசர் மானுவேல், யூதர்கள் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று கட்டளையிட்டார். அடுத்த ஆண்டே பலரைப் பலவந்தமாக ஞானஸ்நானம் பெறச் செய்தார்கள். பின்னர் 1536-இல் விசாரணை மன்றமும் வந்தது. யார் பன்றி இறைச்சி உண்ணவில்லை என்று அண்டை வீட்டார் கவனித்த காலம் அது. அடுப்புக்கு மேல் தொத்திறைச்சி தொங்காத வீட்டின்மேல் சந்தேகம் விழும். ஆகவே அந்தக் குடும்பங்கள் ரொட்டியையும் கோழி இறைச்சியையும் பூண்டையும் குடலில் அடைத்து, பார்ப்பதற்குப் பன்றித் தொத்திறைச்சி போலவே செய்து தொங்கவிட்டார்கள் என்பது அந்நாட்டார் வழிவழியாகச் சொல்லும் கதை. 'அல்யேரா' என்னும் அந்தப் பண்டத்தை இன்று எல்லோரும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். மிரண்டேலா என்ற ஊர் இதற்குப் பேர்போனது. கத்தோலிக்கப் பள்ளியின் மலரில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும் என்பது என் கருத்து. அடுத்தவர் தட்டை எட்டிப் பார்த்து அவருடைய விசுவாசத்தை அளப்பது எந்த நாட்டில் எவர் செய்தாலும் தவறுதான். அதை நம்மவர் செய்தபோது மட்டும் மறைப்பது நேர்மையாகாது.

இப்போது இனிப்பு. சிஸ்டர்கள் புன்னகைப்பார்கள் என்று நினைக்கிறேன், ஏனெனில் போர்ச்சுகல் நாட்டின் புகழ்பெற்ற இனிப்புகளில் பல கன்னியர் மடங்களில் பிறந்தவை! முட்டையின் வெள்ளைக்கருவை உடுப்புக்குக் கஞ்சி போடவும், திராட்சை இரசத்தைத் தெளிய வைக்கவும் பயன்படுத்தினார்கள். அப்படியானால் மஞ்சள் கரு? கூடை கூடையாக மிஞ்சியது. அதைச் சீனிப் பாகோடும் வாதுமையோடும் சேர்த்து அவர்கள் செய்த பண்டங்களுக்குக் கணக்கே இல்லை. 'தேவதூதரின் தாடை' என்று ஒன்று. 'விண்ணகத்துப் பன்றிக்கொழுப்பு' என்று இன்னொன்று. இன்னும் ஒன்றுக்குக் கன்னியரின் உடலுறுப்பு ஒன்றின் பெயர். அதை மொழிபெயர்த்து எழுத எனக்குத் துணிவில்லை, மதர் இதை முதலில் வாசிப்பார்கள்!

அவேரோ நகரில் இயேசு மடம் என்று ஒன்று இருந்தது. அரசகுமாரி ஜோவானா அரண்மனையை விட்டு வந்து வாழ்ந்து 1490-இல் இறந்த மடம் அது. அந்த மடத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது 'ஓவோஸ் மோலஸ்' என்னும் இனிப்பு. மஞ்சள் கருவும் சீனியும் சேர்ந்த கெட்டியான குழம்பை, நற்கருணை அப்பத்துக்கு உள்ளதைப் போன்ற மெல்லிய மாவுத் தகட்டில் அடைப்பார்கள். மீன், சிப்பி, மரப்பீப்பாய் என்று கடற்கரை ஊருக்கேற்ற வடிவங்கள். 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் அளித்தது. தென்துகல் என்ற ஊரின் கார்மேல் மடத்துக் கன்னியர் செய்த பலகாரம் இன்னும் ஆச்சரியம். வெறும் மாவையும் தண்ணீரையும் பிசைந்து, தரையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் மாவை இழுத்து இழுத்துக் காகிதத்தைவிட மெல்லியதாக்குவார்கள். இன்றும் அவ்வூர்ப் பெண்கள் அப்படியே செய்கிறார்கள். இதைச் செய்ய எத்தனை வருடக் கைப்பழக்கம் வேண்டும்! 'என்ன பெரிய வித்தை' என்று கேட்ட என் தோழி ஒருமுறை ஒரு முழம் இழுத்துப் பார்க்கட்டும்.

ஆனால் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இனிமேல்தான். 1834-ஆம் ஆண்டு போர்ச்சுகல் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆண் துறவியர் மடங்கள் அனைத்தும் உடனே மூடப்பட்டன. கன்னியர் மடங்களுக்கு வேறு விதி: புதிதாக எவரையும் சேர்க்கக்கூடாது. இருப்பவர்கள் இருக்கலாம், கடைசிக் கன்னியர் கண்மூடும் நாளில் மடத்தை மூட வேண்டும். நினைத்துப் பாருங்கள்! ஆண்டுதோறும் ஒருவர் இருவராகக் குறைந்து, பெரிய மடத்தில் கிழவிகள் நாலைந்து பேர் மட்டும். வருமானமும் இல்லை. அவர்களில் பலர் பலகாரம் செய்து விற்றுத்தான் வயிறு வளர்த்தார்கள். அவேரோ மடத்தின் கடைசிக் கன்னியர் 1874-இல் இறந்தார். அந்த அம்மையாரோடு எல்லாம் போயிருக்க வேண்டும், எங்கள் ஆச்சியோடு மக்ரூன் போனதுபோல. ஆனால் போகவில்லை. ஏனெனில் மடத்தில் வேலை செய்த பெண்களும் அங்கே வளர்ந்த பெண்களும் பக்கத்தில் நின்று பார்த்திருந்தார்கள், கேட்டிருந்தார்கள், கற்றிருந்தார்கள். லிஸ்பனில் ஜெரோனிமோஸ் மடத்தை ஒட்டி 1837-இல் திறந்த கடையில் இன்றும் விற்கும் புகழ்பெற்ற பாலேட்டு முட்டைப் பணியாரமும் அப்படி மடத்திலிருந்து தப்பிப் பிழைத்ததே.

இங்கே என் மனத்தை உறுத்தும் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, சீனி. இந்த இனிப்புகளுக்கு அவ்வளவு சீனி எங்கிருந்து வந்தது? முதலில் மதீரா தீவு, பிறகு ஆப்பிரிக்காவை ஒட்டிய சாவோ தோமே தீவு, அதன்பின் பிரேசில். அங்கே கரும்பு வெட்டியவர்களும் ஆலையில் வெந்தவர்களும் அடிமைகள். 1444-ஆம் ஆண்டிலேயே போர்ச்சுகலின் லாகோஸ் துறைமுகத்தில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கூட்டமாக இறக்கிப் பங்கு போட்டார்கள். பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888-இல்தான். மடத்துச் சுவருக்குள் ஜெபித்துக்கொண்டே பாகு காய்ச்சிய கன்னியருக்கு அந்தக் கரும்புத் தோட்டங்கள் கண்ணில் பட்டிருக்காது. அது அவர்கள் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாகின் இனிமையைப் பாராட்டி எழுதும் எவரும் அந்த வியர்வையையும் இரத்தத்தையும் எழுதாமல் விடக்கூடாது. விட்டால் அது விளம்பரம், சரித்திரமல்ல.

மற்றொன்று, பெயர். துருவிய உருளையும் முட்டையும் சேர்த்துச் செய்யும் ஒரு பக்கல்யாவ் உணவுக்குப் பிராஸ் என்ற லிஸ்பன் உணவுக்கடைக்காரரின் பெயர். இன்னொன்றுக்குப் போர்ட்டோ நகர வியாபாரி கோமஸ் த சாவின் பெயர். பூண்டும் கொத்தமல்லியும் போட்டு வேகவைக்கும் மட்டிக்கு, சமைத்தவரின் பெயர்கூட அல்ல, சாப்பிட்டு இரசித்த புல்யாவ் பாட்டோ என்ற கவிஞரின் பெயர்! பிரிஸ்கோஸ் ஊர்ப் பங்குச் சாமியார் செய்த புட்டிங்குக்கு அவர் பட்டம் இருக்கிறது. அச்சான முதல் போர்ச்சுகீசியச் சமையல் நூலை 1680-இல் எழுதியவரும் தொமிங்கோஸ் ரோத்ரிகஸ் என்ற அரண்மனைச் சமையற்காரர். ஆண்களின் பெயர்களுக்குக் குறைவில்லை. மஞ்சள் கருவைப் பாகில் காய்ச்சிய முதல் கன்னியரின் பெயர் என்ன? அசோர்டாவுக்கு முதலில் பூண்டு நசுக்கியவள் யார்? அந்த ஊர்ப் பெயரும் மடத்துப் பெயரும் இருக்கின்றன, ஆளைக் காணோம். சயாம் நாட்டில் மட்டும் ஒரு விதிவிலக்கு. அங்கே பதினேழாம் நூற்றாண்டில் மரியா குயோமார் த பின்யா என்னும் பெண்மணிதான், முட்டைக் கருவை நூல்நூலாகப் பாகில் விடும் இந்த இனிப்பை அறிமுகப்படுத்தினார் என்று இன்றும் பெயர் சொல்லி நினைக்கிறார்கள். கோயில் மணியும் பாத்திர ஓசையும் ஒன்றாகக் கேட்கும் வீட்டில் வளர்ந்த நமக்குத் தெரியும், மார்த்தாள் இல்லாவிட்டால் பெத்தானியாவில் அன்று விருந்தே நடந்திராது. இருந்தும் பிரசங்கத்தில் பாராட்டெல்லாம் மரியாளுக்கே.

"வீட்டில் இருந்தபடி சமைத்தவர்களுக்கு எதற்கு நூலும் பெயரும்?" என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடையும் போர்ச்சுகலிலேயே இருக்கிறது. மரியா த லூர்தெஸ் மொதெஸ்தோ என்ற ஆசிரியை 1958 முதல் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் சமையல் கற்றுக்கொடுத்தார். நிகழ்ச்சியைப் பார்த்த மக்கள் தங்கள் ஊர் உணவைப் பற்றி அவருக்குக் கடிதம் எழுதி அனுப்பினார்கள். பிரெஞ்சுச் சமையல்தான் நாகரிகம் என்று பெரிய வீட்டார் நினைத்திருந்த காலத்தில், இந்த ஆசிரியை பட்டிக்காட்டு ரொட்டிக் கஞ்சியையும் கோஸ்கீரைச் சாற்றையும் மாகாணம் மாகாணமாகத் திரட்டினார். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1982-இல் 'போர்ச்சுகலின் மரபுச் சமையல்' என்னும் பெருநூல் வெளிவந்தது. அவர் 2022-இல் மறைந்தார். அவருக்குக் கடிதம் எழுதிய ஒரு கிராமத்து அம்மாளை நான் அடிக்கடி கற்பனை செய்துகொள்கிறேன். மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு கோட்டுக் காகிதம், கைகளில் பூண்டு வாசனை. அந்த அம்மாள் "இது என்ன பெரிய வித்தை" என்று எழுதாமல் இருந்திருந்தால்?

"அந்நிய நாட்டுச் சமையலைப் பற்றி நமக்கென்ன?" என்பது இன்னொரு கேள்வி. இதை என் அண்ணன் கேட்டான், வாயில் கொய்யாப் பழத்தை வைத்துக்கொண்டு! கொய்யா, அன்னாசி, பப்பாளி, இந்தப் பழங்களும் அவற்றின் பெயர்களும் போர்ச்சுகீசியர் வழியாக வந்தவை. மிளகாயும் அவர்கள் கப்பலில்தான் வந்தது. அதற்குமுன் நம் குழம்பில் உறைப்புக்கு முக்கியமாக மிளகுதான். முந்திரி மரத்தையும் அவர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தார்கள். ஆக, ஆச்சியின் மக்ரூனில் பாதி பிரேசில். மடத்துக் கன்னியர் இனிப்பில் சேர்க்காமல் ஒதுக்கிய வெள்ளைக்கருதான் மீதிப் பாதி. அவர்கள் மஞ்சளை எடுத்துக்கொண்டார்கள், நம் ஊர் வெள்ளையை எடுத்துக்கொண்டது. அண்ணனுக்கு இதைச் சொன்னபோது அடுத்த கேள்வி வரவில்லை.

தோழியரே, நான் உங்களை எல்லாம் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்கிறேன் என்று தவறாக எண்ணிவிடாதீர்கள். நானும் மருத்துவம் படிக்கத்தான் ஆசைப்படுகிறேன். சமையல் பெண்களின் தலையெழுத்து என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அது கேவலமான வேலை என்று சொல்கிறவர்களோடு அதைவிடப் பெரிய சண்டை. இருவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். அந்தக் கைகளுக்குள் இருப்பது அறிவு என்பதை இருவரும் ஒப்புக்கொள்வதில்லை. வீட்டியல் பாடத்தில் கேக் செய்முறையை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்குகிறோமே, அதற்குப் பதிலாக ஒவ்வொருத்தியும் தன் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு ஒரு செய்முறையை எழுதி, அவர் பெயரையும் ஊரையும் போட்டுக் கொண்டுவர வேண்டும் என்று வைத்தால் என்ன? அடுத்த ஆண்டு மலரில் அவற்றை அச்சிட்டால் என்ன? சிஸ்டர்கள் தயவுசெய்து ஆலோசிக்க வேண்டும். அண்ணன் தம்பிகளையும் கேட்கச் சொல்லலாம். நுரை அடிக்க நல்ல கைவலு வேண்டும், அது அவர்களிடம் வீணாகத்தானே கிடக்கிறது!

ஆச்சியின் தங்கை மணப்பாட்டில் இருக்கிறார்கள். வயது எண்பத்தொன்று. அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். "சின்னாச்சி, மக்ரூனுக்கு எத்தனை முட்டை, எவ்வளவு சீனி?" என்று கேட்டேன். "அளவென்ன அளவு, கண்ணால் பார்த்துப் போட வேண்டியதுதான்" என்றார்கள். விடவில்லை. சீனியை அவர்கள் கையால் அள்ளச் சொல்லி, அள்ளியதை அப்படியே தராசில் போட்டு நிறுத்து எழுதினேன். சிரித்துச் சிரித்துச் சின்னாச்சிக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு மெதுவாக, "உங்க ஆச்சி சீனியை மூணு தவணையாப் போடுவா, நான் ரெண்டு தவணை. அவளுதுதான் நல்லா எழும்பும்" என்றார்கள். முதற்பக்கத்தில் அதை எழுதி, கீழே இருவர் பெயரையும் போட்டிருக்கிறேன்.